கரிம ஒளி உமிழ் பொருட்களில் ஆய்வு தொடங்குவோருக்கு: முதல் மூன்று ஆண்டுகளுக்கான வழிகாட்டி

ஓஎல்இடி எனப்படும் கரிம ஒளி உமிழ் டையோடு துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வருபவர்களில் பலர், தாங்கள் வரைந்த ஒரு மூலக்கூறின் படத்தோடுதான் வருகிறார்கள். அதைத் தொகுத்துவிட்டால் நெடுநாள் எரியும் நீல விளக்கு கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்தப் படத்தை ஓராண்டுக்கு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த பழைய பொருட்களைக் கொண்டு ஒரு சாதாரணப் பச்சைச் சாதனத்தை மறுபடி மறுபடி செய்து, அதை நம்பத்தக்க விதத்தில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே நான் அவர்களுக்குச் சொல்வது. இத்துறையில் எந்த மூலக்கூறும் தனியாக ஒளிர்வதில்லை. ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளுக்கு நடுவில், இருபுறமும் மின்வாய்கள் இருக்க, பிற பொருட்களோடு கலந்துதான் அது ஒளிர்கிறது. ஆகவே புதிய மூலக்கூறு மங்கலாக எரிந்தால், குறை மூலக்கூறிலா உங்கள் கையிலா என்று சொல்ல, முன்பே செய்து பழகிய ஒரு சாதனம் உங்களிடம் இருக்க வேண்டும்.

தொடக்கத்திலேயே சொற்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளலாம். ‘ஆர்கானிக்’ ஆய்வு என்றதும் ஊரில் உரமிடாத காய்கறியைப் பற்றித்தான் கேட்பார்கள். வேதியியலில் அச்சொல் கார்பனை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்களைக் குறிக்கிறது. நம் துறையில், ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைந்திருப்பதால் எலக்ட்ரான்கள் பரவி நிற்கக்கூடிய கரிமச் சேர்மங்களைக் குறைக்கடத்திகளாகப் பயன்படுத்துகிறோம்.

முதல் படி: எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

மூலக்கூறுகளைத் தயாரிக்கும் தொகுப்பு வேதியியல், அவற்றின் ஒளிர்வை ஆராயும் ஒளி இயற்பியல், அடுக்குகளாக்கி மின்சாரம் செலுத்தும் சாதனப் பொறியியல் என்று இத்துறைக்கு மூன்று வாசல்கள் உண்டு. முதுகலையில் படித்தது எதுவோ அந்த வாசலில் நுழைவது இயல்பு. ஆனால் மூன்றாண்டுகளுக்குள் மற்ற இரண்டு அறைகளிலும் கொஞ்ச காலமாவது வேலை செய்திருக்க வேண்டும் என்பதை அன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சிங் டாங். ஹாங்காங்கில் பிறந்த அவர், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1975இல் ராச்செஸ்டர் நகரிலிருந்த ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் முதலில் செய்தது விளக்கல்ல, கரிமச் சூரிய மின்கலம். இரண்டு வெவ்வேறு கரிமப் படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைத்து, அவை சந்திக்கும் இடைமுகத்தில் மின்னூட்டங்களைப் பிரித்தெடுத்து, ஏறத்தாழ 1% திறனைக் காட்டிய அவருடைய கட்டுரை 1986இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஸ்டீவன் வான் ஸ்லைக்குடன் சேர்ந்து அவர் வெளியிட்ட விளக்கில் அதே இரண்டடுக்கு எண்ணம் தலைகீழாக வேலை செய்கிறது: அங்கே இடைமுகத்தில் பிரிந்த மின்னூட்டங்கள் இங்கே இடைமுகத்துக்கு அருகில் சந்தித்து ஒளியாகின்றன. சூரிய மின்கலக் கட்டுரைகளை ‘நம் துறையல்ல’ என்று ஒதுக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

நுழைவுத் தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறுவதும், கேட் தேர்வு வழியாக ஐஐடிகளில் சேர்வதும் வழக்கமான பாதைகள். கான்பூர் ஐஐடியில் நெகிழ் மின்னணுவியலுக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. ஜப்பானுக்குச் செல்ல விரும்புவோர், அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகப் பரிந்துரை வழியாகவோ பல்கலைக்கழகப் பரிந்துரை வழியாகவோ விண்ணப்பிக்கலாம்.

இரண்டாம் படி: நான்கு கட்டுரைகளைக் கணக்குப் போட்டபடி படியுங்கள்

சேர்ந்த முதல் மாதத்தில் நூறு கட்டுரைகளைப் பதிவிறக்கி வைப்பதால் பயனில்லை. நான்கை எடுத்துக்கொண்டு, அவற்றிலுள்ள எண்களைத் தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

முதலாவது 1987ஆம் ஆண்டின் டாங்–வான் ஸ்லைக் கட்டுரை. 1963இல் மார்ட்டின் போப்பும் அவருடைய சகாக்களும் ஆந்த்ரசீன் படிகத்தில் மின்சாரத்தால் ஒளி வரவைத்தபோது பல நூறு வோல்ட் தேவைப்பட்டது. கோடாக் சாதனத்திலோ 10 வோல்ட்டுக்குக் குறைவான மின்னழுத்தத்திலேயே சதுர மீட்டருக்கு 1,000 கேண்டெலாவுக்கு மேல் ஒளிர்மை கிடைத்தது. துளைகளை, அதாவது எலக்ட்ரான் இல்லாததால் நேர்மின்னூட்டம் போல நகரும் இடங்களை, கடத்தும் டையமின் படலம் ஏறத்தாழ 75 நானோமீட்டர், எலக்ட்ரான்களைக் கடத்தி ஒளியும் உமிழும் அலுமினியம்–ஹைட்ராக்சிகுயினோலின் படலம் ஏறத்தாழ 60 நானோமீட்டர். 10 வோல்ட்டை இந்த 135 நானோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். சென்டிமீட்டருக்கு ஏழு லட்சம் வோல்ட் அளவிலான மின்புலம் வருகிறது. தடிமன் குறைந்ததால்தான் சிறிய மின்னழுத்தத்தில் இவ்வளவு பெரிய மின்புலம் கிடைத்தது என்பதை அந்த ஒரு வகுத்தல் காட்டிவிடும்.

இரண்டாவது, 1990இல் கேம்பிரிட்ஜிலிருந்து பரோஸ், பிராட்லி, ஃபிரெண்ட், ஹோம்ஸ் முதலியோர் வெளியிட்ட பாலிமர் விளக்கு பற்றியது. அதன் திறன் மிகக் குறைவு. ஆனால் வெற்றிட அறையில் ஆவியாக்காமல், கரைசலிலிருந்து பூசிய படலத்திலும் ஒளி வரும் என்று அது காட்டியது.

மூன்றாவது, 1998இல் பிரின்ஸ்டனின் ஸ்டீபன் ஃபாரஸ்ட், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மார்க் தாம்சன் குழுக்கள் வெளியிட்ட பிளாட்டினம் போர்ஃபிரின் கட்டுரை. இதைப் படிக்குமுன் ஒரு கணக்கைப் போட வேண்டும். எதிர்மின்வாயிலிருந்து வரும் எலக்ட்ரானும் நேர்மின்வாயிலிருந்து வரும் துளையும் சந்தித்து எக்சிட்டான் என்னும் கிளர்நிலை உருவாகும்போது, சுழற்சிப் புள்ளியியலின்படி நான்கில் ஒன்று சிங்லெட்டாகவும் (தற்சுழற்சிகள் எதிரெதிர்) மூன்று டிரிப்லெட்டாகவும் (தற்சுழற்சிகள் இணை) அமையும். சாதாரணக் கரிமச் சேர்மத்தில் சிங்லெட் மட்டுமே உடனொளிர்வாக, அதாவது உடனடியாக, ஒளி தரும். டிரிப்லெட்டின் ஆற்றல் வெப்பமாகிவிடும். ஆக உள்ளே உண்டாகும் ஒளி அதிகபட்சம் 25%. அதிலும், கரிமப் படலத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.7 என்பதால் முழு அக எதிரொளிப்பில் பெரும்பகுதி சிக்கிக்கொண்டு, ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் கண்ணாடிக்கு வெளியே வருகிறது. 25%இல் ஐந்தில் ஒன்று 5%. இந்த 5% என்ற சுவரைத் தாண்ட, பிளாட்டினம், இரிடியம் போன்ற கனமான அணுக்களைப் பயன்படுத்தி டிரிப்லெட்டையே நின்றொளிர்வாக, அதாவது சற்று நின்று வரும் ஒளியாக, எரியவைத்தார்கள். 2001இல் இரிடியம் சேர்மம் ஒன்றில் வெளிக் குவாண்டம் திறன் (செலுத்திய நூறு எலக்ட்ரானுக்கு வெளியே வரும் ஃபோட்டான்கள்) 19%ஐ எட்டியது. உள்ளே உண்டான எக்சிட்டான்கள் ஏறத்தாழ அனைத்தும் ஒளியாகிவிட்டன என்று பொருள்.

அந்த 2001ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அப்போது பிரின்ஸ்டனிலிருந்த சிஹாயா அடாச்சி. நான்காவது கட்டுரையும் அவருடைய குழுவினுடையதே. ஜப்பான் திரும்பி, 2005 முதல் ஃபுக்குவோக்காவிலுள்ள கியூஷு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், தாமே உச்சிக்குக் கொண்டுபோன இரிடியம் இல்லாமல் அதே வேலையைச் செய்ய முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். சிங்லெட்டுக்கும் டிரிப்லெட்டுக்கும் இடையிலுள்ள ஆற்றல் இடைவெளி போதுமான அளவு சிறியதாக இருந்தால், அறையின் வெப்பமே டிரிப்லெட்டை மேலே ஏற்றிச் சிங்லெட்டாக்கிவிடும். வெப்பத்தால் தூண்டப்படும் தாமத உடனொளிர்வு என்ற இந்த நிகழ்வு இயோசின் சாயத்தில் 1960களிலேயே அறியப்பட்டது. இதைச் சாதனத்தில் கொண்டுவர அவருடைய குழு 2009இல் வெள்ளீயப் போர்ஃபிரினை முயன்றது. 2011இல் உலோகமே இல்லாத ஒரு டிரையசின் சேர்மத்தில் 5%ஐ ஒட்டிய திறனை அடைந்தது. 2012இல், பென்சீன் வளையத்தில் நான்கு கார்பசோல் தொகுதிகளும் இரண்டு சயனோ தொகுதிகளும் கொண்ட பச்சை மூலக்கூறில் 19%ஐத் தொட்டது.

இங்கேயும் ஒரு கணக்கு உண்டு. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 0.026 எலக்ட்ரான் வோல்ட். இடைவெளி 0.1 எலக்ட்ரான் வோல்ட்டாக இருந்தால் அதைத் தாண்டும் வாய்ப்பைச் சொல்லும் போல்ட்ஸ்மன் காரணி நூற்றுக்கு இரண்டு என்று வரும், 0.5 ஆக இருந்தால் நூறு கோடிக்கு நான்கைந்து என்று சரிந்துவிடும். மூலக்கூறு வடிவமைப்பாளர்கள் எதற்காக இந்தப் பத்தில் ஒரு பங்கு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இவ்வளவு போராடுகிறார்கள் என்பது இதைப் போட்டுப் பார்த்தவருக்கு மட்டுமே உறைக்கும்.

மூன்றாம் படி: குழுவில் சேருமுன் இரண்டு கேள்விகள்

வழிகாட்டியின் கட்டுரை எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, அங்கே படிக்கும் மாணவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஆவியாக்கப் படிவுக் கருவியை இயக்குபவர் யார் என்பது முதல் கேள்வி. மாணவர்களே இயக்குகிறார்கள் என்றால் நல்லது. சாதனங்களை வேறு ஊருக்கு அனுப்பி அளந்து வாங்குகிறார்கள் என்றால், நீங்கள் மூலக்கூறு தொகுக்க மட்டுமே கற்பீர்கள். அதுவும் ஒரு வழிதான், ஆனால் தெரிந்தே தேர்ந்தெடுங்கள். சாதனத்தின் ஆயுளை அளக்கிறார்களா என்பது இரண்டாவது கேள்வி. திறனை மட்டும் வெளியிட்டு ஆயுளைச் சொல்லாத குழுக்கள் ஏராளம். தொழில்துறைக்குப் போக நினைப்பவர் அங்கே மூன்றாண்டைக் கழிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

நான்காம் படி: பச்சைச் சாதனத்தை உங்கள் கையால் செய்யுங்கள்

இனி உண்மையான வேலை. இண்டியம் டின் ஆக்சைடு பூசிய கண்ணாடி, அதன்மேல் என்பிபி என்ற துளை கடத்தி 60 நானோமீட்டர், அதன்மேல் டாங் பயன்படுத்திய அதே அலுமினியச் சேர்மம் 60 நானோமீட்டர், பிறகு லித்தியம் ஃபுளோரைடு 1 நானோமீட்டர், கடைசியாக அலுமினியம் 100 நானோமீட்டர். 1987இல் எதிர்மின்வாயாக மக்னீசியம்–வெள்ளிக் கலவை இருந்தது. லித்தியம் ஃபுளோரைடும் அலுமினியமும் சேர்ந்த எதிர்மின்வாய் 1997இல் அதே கோடாக் ஆய்வகத்திலிருந்து வந்து, எளிமையால் எங்கும் நிலைத்துவிட்டது. இந்தச் சாதனத்தின் வெளிக் குவாண்டம் திறன் ஏறத்தாழ 1%தான். அது யாரையும் வியக்கவைக்காது. வியக்கவைக்காமல், ஒவ்வொரு முறையும் அதே எண்ணைத் தருவதுதான் அதனுடைய வேலை.

கண்ணாடியைக் கழுவுவதிலிருந்து தொடங்குங்கள். சோப்புக் கரைசல், அயனி நீக்கிய நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால் என்ற வரிசையில் மீயொலித் தொட்டியில் கழுவி, நைட்ரஜன் ஊதி உலர்த்தி, பதினைந்து நிமிடம் புற ஊதா–ஓசோன் கருவியில் வையுங்கள். ஓசோன் மிச்சமிருக்கும் கரிம அழுக்கை எரிப்பதோடு, ஆக்சைடு பரப்பின் வெளியேற்று ஆற்றலையும் உயர்த்தித் துளைகள் உள்ளே நுழைவதை எளிதாக்குகிறது. உங்கள் அடுக்கு முழுவதும் சேர்ந்தே 120 நானோமீட்டர் என்பதால், ஒரு மைக்ரோமீட்டர் தூசி விழுந்தால் அது படலத்தைப் போல் எட்டு மடங்கு உயரமாக நின்று இரண்டு மின்வாய்களையும் இணைத்துவிடும். முதல் மாதம் செய்த சாதனங்களில் பாதி எரியாமலே போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆழமான இயற்பியல் எதுவும் அதில் இல்லை.

வெற்றிட அறையின் அழுத்தம் 10⁻⁴ பாஸ்கலுக்குக் கீழே இறங்கும்வரை பொறுத்திருங்கள். கரிமப் பொருள் வைத்த மூசையை மெல்லச் சூடேற்றி, நொடிக்கு 0.1 நானோமீட்டர் வேகத்தில் படியவிடுங்கள். லித்தியம் ஃபுளோரைடுக்கு அதிலும் பத்தில் ஒரு பங்கு வேகம் போதும். அலுமினியத்தைத் தொடக்கத்தில் மெதுவாகவே ஆவியாக்குங்கள். அவசரப்பட்டால் உலோகத்தின் வெப்பம் கீழேயுள்ள கரிமப் படலத்தைக் கெடுத்துவிடும்.

தடிமனைக் காட்டும் குவார்ட்ஸ் படிக உணரியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். உணரி இருக்கும் இடம் வேறு, கண்ணாடி இருக்கும் இடம் வேறு. இரண்டிலும் படியும் அளவுகளுக்கு இடையிலான விகிதத்தை ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். தனிப் படலம் ஒன்றைப் படியவைத்து, படிநிலை அளவியிலோ எலிப்சோமீட்டரிலோ அளந்து ஒப்பிட்டால் அது கிடைக்கும். நான் வேலை பழகிய ஆய்வகத்தில் இரண்டு மாதங்களாகச் சாதனங்களின் மின்னழுத்தம் சிறுகச் சிறுக ஏறிக்கொண்டே போனது. நானும் உடன் இருந்தவரும் மூலக்கூறைத் திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்தினோம், கண்ணாடியை மாற்றினோம், ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டோம். கடைசியில், 60 என்று திரை காட்டிய படலம் உண்மையில் 80 நானோமீட்டராக இருந்தது தெரிந்தது; பழுது பார்த்தபோது யாரோ உணரியைச் சற்றுத் திருப்பிவைத்திருந்தார்கள். அன்றிலிருந்து மாதத்தின் முதல் திங்கட்கிழமை அளவுத்திருத்தம் செய்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அலுமினியம் படிந்ததும் சாதனத்தைக் காற்றுப்படாமல் கையுறைப் பெட்டிக்குள் கொண்டுபோய், ஈரம் உறிஞ்சும் பொருளை உள்ளே வைத்து, மேலே ஒரு கண்ணாடி மூடியை ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் மேசைமேல் வைத்துப் பார்த்தால், அடுத்த நாள் ஒளிரும் பரப்பில் கரும்புள்ளிகள் தோன்றிப் பெருகுவதைக் காணலாம். எதிர்மின்வாயிலுள்ள நுண்துளைகள் வழியாக ஈரம் புகுந்து, உலோகத்துக்கும் கரிமப் படலத்துக்கும் இடையிலான தொடர்பை அழிப்பதால் அவை உண்டாகின்றன. ஒருமுறையாவது இதை வேண்டுமென்றே செய்து நுண்ணோக்கியில் பார்த்துவிடுவது நல்லது.

ஒரே நாளில் செய்த எட்டுச் சாதனங்களும், வெவ்வேறு வாரங்களில் செய்த ஐந்து தொகுதிகளும் ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடாமல் வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். சிலருக்கு இது மூன்று மாதத்தில் கைகூடும், சிலருக்கு எட்டு மாதமாகும்.

ஐந்தாம் படி: உங்கள் எண்களை நீங்களே சந்தேகியுங்கள்

வெளிக் குவாண்டம் திறன் என்பது உள்ளே போன ஒவ்வொரு நூறு எலக்ட்ரானுக்கும் எத்தனை ஃபோட்டான்கள் வெளியே வந்தன என்பதுதான். கேட்பதற்கு எளிது, ஆனால் பிழை நுழைய இத்தனை வழிகள் வேறெங்கும் இல்லை.

பரப்பளவுப் பிழையை முதலில் பார்ப்போம். மின்வாயின் வடிவத்தை வரையறுக்கும் உங்கள் மூடித்தகட்டின்படி ஒளிரும் பரப்பு 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர், அதாவது 4 சதுர மில்லிமீட்டர் என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். தகடு சற்று நகர்ந்ததால் உண்மையில் ஒளிர்வது 3.6தான் என்று வைத்துக்கொள்வோம். ஒளிர்மைமானி ஒரு புள்ளியின் பிரகாசத்தை மட்டும் பார்ப்பதால் அது சரியாகவே காட்டும். மின்னோட்டத்தை 3.6ஆல் வகுப்பதற்குப் பதில் 4ஆல் வகுக்கும்போது மின்னோட்ட அடர்த்தி குறைவாகத் தெரிந்து, 18% திறனுள்ள சாதனம் தாளில் 20% ஆகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் ‘20%ஐத் தாண்டியது’ என்று ஒரு தலைப்பு உருவாகிவிடுகிறது. ஒவ்வொரு சாதனத்தின் ஒளிரும் பரப்பையும் நுண்ணோக்கியில் படமெடுத்து அளப்பது ஐந்து நிமிட வேலை.

ஒளி எல்லாத் திசைகளிலும் லாம்பர்ட் விதிப்படி, அதாவது எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே பிரகாசமாகத் தெரியும்படி, பரவுகிறது என்று எடுத்துக்கொண்டு, நேர் எதிரே அளந்த ஒற்றை எண்ணிலிருந்து மொத்த ஒளியைக் கணக்கிடுவது அடுத்த பிழை. உலோக மின்வாய்க்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒளி குறுக்கிடுவதால், அடுக்குகளின் தடிமனைப் பொறுத்து அது முன்னோக்கியோ பக்கவாட்டிலோ குவியலாம். கோணத்தை மாற்றி மாற்றி அளங்கள். அல்லது எல்லாத் திசை ஒளியையும் சேர்த்து அளக்கும் ஒருங்கிணைப்புக் கோளத்தைப் பயன்படுத்துங்கள். கோளத்தில் வைக்கும்போது கண்ணாடியின் ஓரங்கள் வழியாகக் கசியும் ஒளியைக் கறுப்புப் பட்டையால் மறைக்காவிட்டால், வெளியே வராத ஒளியையும் வந்ததாகக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். இதைப் பற்றியெல்லாம் ஃபாரஸ்ட், பிராட்லி, தாம்சன் மூவரும் 2003இல் சேர்ந்து எழுதிய அளவீட்டு நெறிமுறைக் கட்டுரையைச் சாதனம் அளக்கும் அறையிலேயே அச்சிட்டு வையுங்கள்.

நீலச் சாதனத்தைப் பச்சையோடு ஒப்பிடும்போது ஆம்பியருக்கு எத்தனை கேண்டெலா என்ற அளவைப் பயன்படுத்தாதீர்கள். கேண்டெலா மனிதக் கண்ணின் உணர்திறனால் நிறுக்கப்பட்டது. கண் 555 நானோமீட்டர் பச்சையை நன்றாகப் பார்க்கிறது. 460 நானோமீட்டர் நீலத்தில் அந்த உணர்திறன் நூற்றுக்கு ஆறாகக் குறைந்துவிடுகிறது. நல்ல நீலச் சாதனம் அந்த அளவில் மோசமாகத் தெரிவதும், கொஞ்சம் பச்சை கலந்த மோசமான நீலம் சிறப்பாகத் தெரிவதும் இதனால்தான். அதேபோல் மிகக் குறைந்த மின்னோட்டத்தில், கசிவும் இரைச்சலும் கலந்த பகுதியில் கிடைக்கும் உச்ச எண்ணை மட்டும் எழுதாமல், சதுர மீட்டருக்கு 100, 1,000 கேண்டெலாக்களில் திறன் எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். மின்னோட்டம் கூடக்கூடத் திறன் சரிவது இத்துறையின் தீராத சிக்கல்களில் ஒன்று. ஒன்றையொன்று மோதி அழித்துக்கொள்ளும் டிரிப்லெட்டுகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆறாம் படி: இழுப்பறையிலிருந்து மூலக்கூறை எடுக்கலாம்

இப்போது உங்கள் மூலக்கூறைப் பார்க்கும் கண் மாறியிருக்கும். முதலில் அது ஆவியாகுமா, அல்லது சிதைந்துவிடுமா என்று கேட்பீர்கள். அதன் கண்ணாடி மாற்ற வெப்பநிலை, அதாவது விறைப்பான படலம் இளகத் தொடங்கும் வெப்பநிலை, என்ன என்று கேட்பீர்கள். தொடக்கக் காலத்தில் புகழ்பெற்ற டிபிடி என்ற துளை கடத்தியின் மாற்ற வெப்பநிலை 60 பாகை செல்சியஸை ஒட்டியிருந்ததால் அதன் படலம் எளிதில் படிகமாகிக் கெட்டது. 95ஐ ஒட்டிய என்பிபி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

தூய்மை விஷயத்தில் வேதியியலார் வழக்கமாகத் திருப்தியடையும் இடத்தில் நாம் தொடங்குகிறோம். அணுக்காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் வேறு சிகரங்கள் இல்லை என்பது போதாது. நீள்குழாயில் வெப்பநிலைச் சரிவை ஏற்படுத்தி, வெற்றிடத்தில் ஒருமுறை, முடிந்தால் இரண்டுமுறை பதங்கமாக்குங்கள். இணைப்பு வினைகளில் பயன்படுத்தும் புரோமின், குளோரின் சேர்மங்களின் எச்சம் மிகச் சிறிய அளவில் தங்கினாலும் சாதனத்தின் ஆயுள் குறையும். திறனில் அது தெரியாமலே போகலாம் என்பதால்தான் அது ஏமாற்றுகிறது.

ஒளிர்வை அளக்கும்போது ஆக்சிஜனை நினைவில் வையுங்கள். கரைசலை அப்படியே அளந்து, பிறகு நைட்ரஜன் குமிழிகளைச் செலுத்தி மறுபடி அளந்தால், டிரிப்லெட் பங்கெடுக்கும் சேர்மங்களில் ஒளிர்வு கூடும். ஆக்சிஜன் டிரிப்லெட்டை அணைத்துக்கொண்டிருந்தது என்பதற்கு அது முதல் அடையாளம். அதன்பின் காலத்தோடு ஒளிர்வு தேயும் வளைகோட்டை எடுங்கள்: நானோநொடிகளில் முடியும் உடனடிப் பகுதியும், மைக்ரோநொடிகள் நீளும் தாமதப் பகுதியும் பிரிந்து தெரியும். வெப்பநிலையைக் குறைக்கும்போது தாமதப் பகுதி மெலிந்தால் வெப்பத்தூண்டல் என்று வாதிடலாம். டிரிப்லெட்டின் ஆற்றலை, திரவ நைட்ரஜனில் 77 கெல்வினுக்குக் குளிர்வித்து எடுத்த நின்றொளிர்வு நிறமாலையிலிருந்து கணக்கிடுங்கள். கணினிக் கணக்கீட்டில் வந்த எண்ணை மட்டும் வைத்து ‘இடைவெளி 0.05’ என்று எழுதுவது, சோறு வெந்ததா என்று பார்க்காமல் அடுப்பின் சூட்டைச் சொல்வது போன்றது.

வடிவமைப்பில் ஒரு முரணும் காத்திருக்கிறது. எலக்ட்ரான் தரும் தொகுதியையும் வாங்கும் தொகுதியையும் திருகி விலக்கினால் ஆற்றல் இடைவெளி சுருங்கும். ஆனால் ஒளி உமிழும் வேகமும் குறையும், நிறமும் அகலும். டகுஜி ஹடகெயாமாவின் குழு 2016இல் இதற்கு வேறொரு வழி காட்டியது. போரானையும் நைட்ரஜனையும் ஒரே விறைப்பான சட்டகத்தில் எதிரெதிராக அமைத்ததால், இடைவெளி சிறியதாகவும் நீலப்பட்டையின் அகலம் 28 நானோமீட்டர் அளவுக்குக் குறுகியும் வந்தது. இன்று வெளிவரும் நீல மூலக்கூறுகளில் பல அந்தச் சட்டகத்தின் உறவினர்களே. நீங்களும் அதில் இன்னொரு கிளையை ஒட்டப்போகிறீர்களா, அல்லது வேறு கேள்வியை எடுக்கப்போகிறீர்களா என்று இந்த இடத்தில் வழிகாட்டியோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஏழாம் படி: ஆயுளை அளக்காமல் முடிக்காதீர்கள்

நீலத்தின் துயரம் ஒரு வகுத்தலில் அடங்கும். நீல ஃபோட்டானின் ஆற்றலைப் பெற, 1,240ஐ அதன் அலைநீளமான 460 நானோமீட்டரால் வகுத்தால் 2.7 எலக்ட்ரான் வோல்ட். கரிம மூலக்கூறுகளிலுள்ள வலுக்குறைந்த கார்பன்–நைட்ரஜன் பிணைப்புகளின் ஆற்றலும் ஏறத்தாழ அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. நெடுநேரம் தங்கும் ஒரு டிரிப்லெட் இன்னொரு கிளர்நிலையோடோ மின்னூட்டத்தோடோ மோதித் தன் ஆற்றலைக் கொடுத்துவிட்டால், ஏதோ ஒரு பிணைப்பு அறுகிறது. கைபேசித் திரைகளில் சிவப்பும் பச்சையும் இரிடியத்துக்கு மாறிய பிறகும் நீலம் பல ஆண்டுகள் பழைய உடனொளிர்விலேயே நின்றதற்கு இதுவே காரணம்.

மாறாத மின்னோட்டத்தில் சாதனத்தை எரியவிட்டு, ஒளிர்மை 95%ஆகக் குறைய எத்தனை மணி நேரமாகிறது என்று அளங்கள். தொடக்க ஒளிர்மையை இரட்டித்தால் ஆயுள் பாதியாவதில்லை, அதைவிட அதிகமாகக் குறையும். ஆகவே தொடக்க ஒளிர்மையைச் சொல்லாத ஆயுள் எண்ணுக்குப் பொருளில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் உங்கள் பழைய பச்சைச் சாதனம் ஒன்றையும் பக்கத்திலேயே எரியவிடுங்கள். அதுவும் அன்று சீக்கிரம் தேய்ந்தால், பழி உங்கள் மூலக்கூறின்மேல் இல்லை, வெற்றிட அறையின்மேல்.

எட்டாம் படி: மூன்றாம் ஆண்டில் வெளியே பாருங்கள்

கட்டுரையை அனுப்புமுன் காப்புரிமை அலுவலரைச் சந்தியுங்கள். முதலில் வெளியிட்டுவிட்டால் பெரும்பாலான நாடுகளில் காப்புரிமை கோரும் வாய்ப்புப் போய்விடும். இத்துறையில் திரை செய்பவர்கள் சாம்சங், எல்ஜி, பிஓஇ போன்றவர்கள். பொருள் செய்பவர்கள் மெர்க், இடெமிட்சு கோசான், யுனிவர்சல் டிஸ்ப்ளே போன்றவர்கள். இரு சாராரும் நேர்காணலில் உங்கள் உச்சத் திறனைவிட, தொகுதிக்குத் தொகுதி எண் எவ்வளவு மாறியது என்பதைத் துருவிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்துத் தயாராகுங்கள்.

நிறுவனங்கள் நிலையானவை என்று எண்ண வேண்டாம். இந்தச் சாதனத்தைப் பிறப்பித்த கோடாக், 2009இல் தன் ஓஎல்இடி தொழிலை எல்ஜிக்கு விற்றது. அதற்கு முன்பே, 2006இல், டாங் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். கேம்பிரிட்ஜ் ஆய்விலிருந்து பிறந்த நிறுவனத்தை 2007இல் சுமிட்டோமோ கெமிக்கல் வாங்கியது. திரை வேலை கிடைக்காவிட்டாலும், மென்படலம் படியவைப்பதும், உறையிடுவதும், ஃபோட்டான்களை எண்ணுவதும் கரிமச் சூரிய மின்கலம், ஒளி உணரி, கரிம டிரான்சிஸ்டர், பெரோவ்ஸ்கைட் ஆகிய எல்லா ஆய்வகங்களிலும் அப்படியே தேவைப்படும் கைவேலைகள்.

விடைபெறும் வாரத்தில் உங்கள் பச்சைச் சாதனத்தின் மூன்றாண்டு எண்களையும் தேதிவாரியாக ஒரே வரைபடத்தில் போட்டு, எந்த மாதம் உணரி மாற்றப்பட்டது, எந்த மாதம் பம்பின் எண்ணெய் மாற்றப்பட்டது, எந்தப் புட்டியிலிருந்து என்பிபி எடுக்கப்பட்டது என்று குறித்து, கருவியின் பக்கத்திலேயே ஒட்டிவிட்டுப் போங்கள். அடுத்துவரும் மாணவர் தம்முடைய முதல் தொகுதியை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.